நால்வர் தூக்கிய கட்டில்



இன்று காலை கோவில் கதவைத் திறந்தபோதே டீசல் வாசம் உள்ளே வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் கால் வைக்க இடமில்லை. பழைய மகிந்திரா ஜீப்புகள், புதிய தார், ஜிப்சி, கூர்க்கா, தோட்டத்துக்குப் போகும் பிக்கப், பல்லடத்திலிருந்து கறிக்கோழி ஏற்றிப் போகும் டெம்போ, ஒரு தண்ணி லாரி என்று எல்லாம் வரிசையாக நிற்கின்றன. திருப்பலி முடிந்ததும் இவற்றையெல்லாம் மந்திரிக்க இருக்கிறோம். கழுவித் துடைத்து, மாலை போட்டு, பிள்ளைகளைப் போல அழைத்து வந்திருக்கிறீர்கள்.

நான் திருவுடை அணிந்துகொண்டிருக்கும்போது உங்கள் பேச்சு சன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "கிளட்ச் பிளேட் போயிருச்சுங்க, உக்கடத்துல பார்த்தா கிடைக்கும்." "போன வாரம் பட்டை ஒடிஞ்சு போச்சு, செட்டாவே மாத்திட்டேன்." "எம்.டி. டயர் போட்டா மைலேஜ் அடி வாங்குமாங்கண்ணா?" இன்னொரு குரல்: "வின்ச் வாங்கலாம்னு இருக்கேன், வீட்டுலதான் இன்னும் சொல்லல." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இன்றைய நற்செய்தி மாற்கு 2:1-12. கப்பர்நாகூமில் ஒரு வீடு. உள்ளே இயேசு பேசிக்கொண்டிருக்கிறார். வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம். நடக்க முடியாத ஒருவரைப் படுக்கையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எத்தனை பேர் தூக்கினார்கள் என்பதை மாற்கு எண்ணிச் சொல்கிறார்: நான்கு பேர். அவர்களுடைய பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு மூலைக்கு ஓர் ஆளாகச் சுமந்து வந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

வழி அடைபட்டுவிட்டது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "சரி, கூட்டம் கலையட்டும், அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று திரும்பியிருப்போம். நம்மை யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. பாதையை விட்டு இறங்கினார்கள். சரியாகச் சொன்னால், பாதையை விட்டு ஏறினார்கள். அந்த ஊர் வீடுகளுக்குத் தட்டையான கூரை. மர உத்திரத்தின் மேல் கிளைகளைப் பரப்பி, மண் பூசி இறுக்கியிருப்பார்கள். அந்தக் கூரை மேல் ஏறி, மண்ணைப் பெயர்த்து, படுக்கையை உள்ளே இறக்கினார்கள். ஆள் விழுந்துவிடாமல் நான்கு மூலையையும் ஒரே சீராக விட வேண்டும். ஒருவன் அவசரப்பட்டால் போதும், படுத்திருப்பவன் சரிந்துவிடுவான்.

ஃபோர் வீல் ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நான்கும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி ஏறும்.

அன்பார்ந்தவர்களே, இயந்திரத்தின் மேல் ஆசை வைப்பது பாவமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கணவனோடு சண்டை போட்டுவிட்டு வரும் அம்மிணிகள் பலர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். என் பதில்: ஆசை பாவமில்லை. நம் ஆண்டவரே கைத்தொழில் செய்தவர். மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் ஊர்க்காரர்கள் அவரைத் தச்சர் என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து, அது எப்படி இயங்குகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் குணம் படைத்தவரிடமிருந்து நமக்கு வந்தது.

அதிலும் நம் கொங்கு மண்ணுக்கு அந்தக் குணம் தாராளமாகவே வாய்த்திருக்கிறது. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார். போதிய காசு சேர்ந்ததும் வண்டியை வாங்கினார். வாங்கியவர் முதலில் அதை அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கினார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்று இந்தியாவின் எந்த மூலைக்கும் போர் போடப் போகின்றன. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கட்டிய லாரிகளைப் பார்க்காத நெடுஞ்சாலை இல்லை. கோவையிலேயே பந்தயக் கார்களைக் கட்டிய கரிவரதன் 1995-இல் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைச் சுமக்கிறது. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். ஸ்பேனரைப் பிடித்த கை இந்த ஊரில் எப்போதும் மதிப்பான கை. அந்தக் கையை ஆண்டவர் பழிக்கவில்லை. அதைக் கொண்டு என்ன தூக்குகிறாய் என்று மட்டும் கேட்கிறார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, நீங்கள் வேப்பமரத்தடியில் பேசிய மூன்று விஷயங்களைப் பார்ப்போம்: பழுது, மேம்பாடு, போட்டி போடும் பொழுதுபோக்குகள்.

முதலில் பழுது. படுக்கையில் இறக்கப்பட்டவர் நடக்க முடியாதவர். எல்லாருக்கும் தெரிந்த பழுது கால். ஆனால் இயேசு முதலில் காலைத் தொடவில்லை. படுத்திருந்தவருடைய பாவங்களை மன்னிப்பதாகச் சொல்கிறார். கூடியிருந்த மறைநூல் அறிஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. தூக்கி வந்த நால்வருக்கும்கூட ஒரு கணம் ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

நல்ல மெக்கானிக் எப்படி வேலை செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். "வண்டி ஒரு பக்கமா ஓடுதுங்க, அலைன்மென்ட் பார்த்துருங்க" என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறோம். அவர் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதில்லை. ஜாக்கி வைத்து, டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்க்கிறார். ஸ்பிரிங் பட்டைகளை ஒன்றாகக் கோத்து, ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்தி வைக்கும் சென்டர் போல்ட் உள்ளே முறிந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரல் நீளப் போல்ட்தான். அது முறிந்ததும் ஆக்சில் நகர்ந்து, மொத்த வண்டியும் கோணலாக ஓடுகிறது. அதை மாற்றாமல் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் காசுதான் வீண்.

நம் வாழ்க்கையிலும் வெளியே தெரிகிற கோணல் ஒன்று, உள்ளே முறிந்தது வேறொன்று. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறோம், தூக்கம் வருவதில்லை, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் பத்து வருடம் ஓடிவிட்டது. வெளியே ஆயிரம் காரணம் சொல்வோம். அடியில் படுத்துப் பார்த்தால், கடவுளோடு நம்மைச் சேர்த்து நிறுத்துகிற அந்த ஒரு போல்ட் எப்போதோ முறிந்திருக்கும். சேற்றில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்தால் மறுநாள் வண்டியைத் தூக்கி வைத்துக் கழுவி, கிரீஸ் அடித்து, ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்க்கிறீர்கள். அந்த அக்கறையைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை, பாஸ்காவுக்கு முந்தின வாரம், வரிசையில் கடைசி ஆளாக வந்து நிற்கிறோம். உங்கள் வண்டிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை உங்கள் ஆன்மாவுக்கும் காட்டுங்கள்.

இரண்டாவது, மேம்பாடு. அப்கிரேட் என்று நீங்கள் சொல்வது. டயர், லைட், ஸ்நார்க்கல், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச் என்று பட்டியல் நீளும். அனுபவமுள்ளவர்களிடம் ஒரு முறை கேட்டேன்: புதிதாக வண்டி வாங்கிய தம்பிக்கு முதலில் எதை மாட்டச் சொல்வீர்கள்? அவர்கள் லைட்டையும் சொல்லவில்லை, டயரையும் சொல்லவில்லை. "முன்னாடி ஒரு கொக்கி, பின்னாடி ஒரு கொக்கி. நல்ல உறுதியா. அதில்லாம மண்ணுல இறங்கக் கூடாதுங்க சாமி" என்றார்கள். கூடவே, "ஒத்தை வண்டியில போகவே கூடாது, துணைக்கு இன்னொரு வண்டி வேணும்" என்றார்கள். இயேசுவும் சீடர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார்.

இந்த இரண்டு கொக்கியையும் நன்றாக யோசித்துப் பாருங்கள். பின்னால் இருப்பது பெரும்பாலும் அடுத்தவரை இழுக்க. முன்னால் இருப்பது நம்மை அடுத்தவர் இழுக்க. நம்மில் பலருக்குப் பின் கொக்கி இருக்கிறது. உதவி செய்யத் தயங்காதவர்கள் நாம். முன் கொக்கிதான் இல்லை. "நான் மாட்டிக்கிட்டேன், கொஞ்சம் இழுத்து விடுங்க" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்; குடி பிடித்து ஆட்டும்; மனம் சோர்ந்து கிடக்கும். கௌரவம் பார்த்துக்கொண்டு சேற்றிலேயே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாகப் புதைந்து போகிறோம். அந்தப் படுக்கையில் இருந்தவர் நான்கு பேர் தன்னைத் தூக்குவதற்குச் சம்மதித்தார். ஊரே பார்க்கக் கூரை வழியாக இறக்கப்படுவதற்கும் சம்மதித்தார். குணமடைவது அந்தச் சம்மதத்தில் தொடங்கியது.

இன்னொரு மேம்பாடு இருக்கிறது, காசே ஆகாதது. மணலிலும் சேற்றிலும் இறங்குவதற்கு முன் டயரில் காற்றை இறக்குவீர்கள். இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் படியும், பிடி கிடைக்கும். முழுக் காற்றோடு விறைத்து நிற்கும் டயர்தான் சீக்கிரம் புதையும். குடும்பத்தில் ஒரு சிக்கல், பங்கில் ஒரு மனத்தாங்கல் என்று வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் காற்றை இறக்குங்கள். அந்த நால்வரும் படுக்கையை இறக்கித்தான் ஆண்டவர் முன் வைத்தார்கள்.

மேம்பாடு என்ற பெயரில் செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். அவிநாசி சாலையில் இரவில் வரும்போது எதிர் வண்டிக்காரன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு, பச்சைக் குழந்தை தூக்கிப்போடும் சத்தத்தில் சைலன்சர், இவை யாருக்காக? வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்தது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. எதிரே வருகிறவனும் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளை.

உண்மையான மேம்பாடு எது என்று அறிய ஜீப்பின் கதையையே பாருங்கள். அது போருக்காகப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்தது. 1945-இல் போர் முடிந்ததும் அதைச் செய்த வில்லிஸ் நிறுவனம் கலப்பை இழுக்கும் உழவர் வண்டியாக அதை விற்கத் தொடங்கியது. 1947 முதல் மகிந்திரா அதை நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா இறைவாக்கினர் கனவு கண்டார். அந்தக் கனவின் ஒரு சிறு துண்டு நம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மாற்றிவிடுவதுதான் பெரிய மேம்பாடு.

மூன்றாவது, போட்டி போடும் பொழுதுபோக்குகள். ஜீப்காரர்களுக்கு புல்லட்காரர்களைக் கண்டால் ஆகாது. புல்லட்காரர்களுக்கு ரேஸ்காரர்களைக் கண்டால் சிரிப்பு. நம் அப்பாமார் காலத்தில் ரேக்ளாவா, சேவலா, புறாவா என்று இதே சண்டை நடந்தது. அந்தச் சண்டை தானாக ஆறிவிடும். எனக்குக் கவலை தருவது வேறு போட்டி. உங்கள் பொழுதுபோக்கு உங்கள் வீட்டோடு போட்டி போடுகிறதா?

ஆறு நாள் பவுண்டரியில் வெந்து, லேத்தில் நின்று, ஏழாம் நாள் நண்பர்களோடு மண்ணில் இறங்கி உடம்பையும் மனதையும் ஆற்றிக்கொள்ள நினைப்பதில் தவறே இல்லை. ஓய்வுநாள் மனிதருக்காக உண்டாக்கப்பட்டது என்பதை இயேசு இதே மாற்கு 2-ஆம் அதிகாரத்தின் முடிவில் கற்பிக்கிறார். ஓய்வும் விளையாட்டும் கடவுளின் கொடை. ஆனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்தே ஓர் எச்சரிக்கை சொல்கிறேன்.

வண்டி வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற வேண்டும். அதற்காகத்தான் டிஃபரன்ஷியல் இருக்கிறது. தார்ச்சாலையில் அது அருமையான ஏற்பாடு. ஆனால் சேற்றில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் என்ன ஆகும்? தொங்குகிற சக்கரம் வீறிட்டுச் சுற்றும். கெட்டித் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரமோ அசையாமல் நிற்கும். எஞ்சின் உறுமும், பெட்ரோல் தீரும், வண்டி ஓர் அங்குலம் நகராது. எதற்குப் பிடிமானமே இல்லையோ, ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும்.

எத்தனை குடும்பங்கள் இப்படி நிற்கின்றன! காற்றில் சுற்றும் ஒரு சக்கரத்துக்கு நம் நேரமும் காசும் பேச்சும் போய்க்கொண்டே இருக்கின்றன. மனைவி, பிள்ளைகள், வயதான அப்பா அம்மா, ஞாயிறு திருப்பலி ஆகிய கெட்டித் தரையில் பதிந்த சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டுக்கொண்டு, நகையை அடகு வைத்து டயர் வாங்கினால் அது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. வின்ச் வாங்கப் போகும் தம்பி, முதலில் வீட்டில் சொல். மறைத்து வாங்கிய வின்ச் உன்னை எந்தக் குழியிலிருந்தும் மீட்காது. மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு நாள் உன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போ. நீ எதை இவ்வளவு நேசிக்கிறாய் என்று அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் டிஃப் லாக் போட்டதும் இரண்டு சக்கரமும் ஒரே அச்சாகச் சேர்ந்து இழுக்குமே, அதுபோல வீட்டுக்கும் விருப்பத்துக்கும் ஒரு பூட்டுப் போட முடியும்.

இப்போது என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் மலைப்பகுதிப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு மழை இரவு, எஸ்டேட்டுக்கும் அப்பால் இருக்கும் ஒரு குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்தது. அங்கே சாலை கிடையாது. நம் மலைக் குடியிருப்புகள் பலவற்றில் நோயாளியைத் துணியில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, தோளில்தான் தூக்கி வருவார்கள். பாதி வழி வரை பங்கு ஜீப்பைக் கொண்டுபோய்க் காத்திருந்தால் அவர்களுக்குச் சுமை குறையும் என்று கிளம்பினேன். நோயில்பூசுதல் எண்ணெயையும் எடுத்துக்கொண்டேன்.

ஏற்றத்தில் சேறு. ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பின் சக்கரங்கள் சுற்றின, புதைந்தன. இன்னும் மிதித்தேன். இன்னும் புதைந்தன. செபமாலையைச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். அரை மணி நேரம் கழித்து மேலே தீப்பந்த வெளிச்சம் தெரிந்தது. அவர்கள் வந்துவிட்டார்கள். நான்கு பேர். தோளில் மூங்கில், தூளியில் பெரியவர். அவர்களுக்கு உதவப் போன நான் அவர்கள் பாதையை மறித்துக்கொண்டு நின்றேன்.

தூளியை ஒரு பாறை ஓரமாக மெல்ல இறக்கி வைத்தார்கள். ஒருவர் என் வண்டியின் முன் சக்கரத்தருகே குனிந்தார். எஸ்டேட் ஜீப்பில் கிளீனராக இருந்தவராம். "சாமி, நாலும் சுத்தலீங்க, ரெண்டுதான் சுத்துது" என்றார். பழைய ஜீப்புகளில் உள்ளே லீவர் போட்டால் மட்டும் போதாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கீழே இறங்கி, முன் சக்கர ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். நான் அதை மறந்திருந்தேன். சட்டை நனையுமே என்று இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். அவர் சேற்றில் கையை விட்டு இரண்டு ஹப்பையும் திருப்பினார். நால்வரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வண்டி மேலே வந்தது. அதன் பிறகுதான் பெரியவரைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவர் பிழைத்தார்.

அந்த இரவை நான் மறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து லீவரைப் போட்டேன், செபித்தேன், அது தேவைதான். ஆனால் இறங்கிக் குனிந்து சேற்றில் கை வைக்கும் வரை என் வண்டியின் பாதிச் சக்கரங்கள் சும்மா நின்றன. செயலில்லாத விசுவாசத்தைப் பற்றி யாக்கோபு தன் திருமுகத்தில் எழுதியதை எனக்குப் படிப்பித்தவர் அந்தக் கிளீனர். இன்னொன்றும் புரிந்தது. வழியில்லாத வழியில் போவது நமக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவர்களுக்கு அது தினசரி வாழ்க்கை.

அன்பார்ந்தவர்களே, நீங்கள் கட்டி வைத்திருக்கும் பலம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு நம் அண்டை மாநிலம் சாட்சி சொல்லும். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஞாயிறுதோறும் மண்ணில் விளையாடிய ஃபோர் வீல்காரர்களும் தண்ணீருக்குள் வண்டியை இறக்கி ஆட்களை மீட்டார்கள். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தன. பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இராணுவத்தினர் 190 அடி இரும்புப் பாலத்தை இரவு பகலாகக் கட்டினார்கள். அந்தச் சேற்றிலும் பாறையிலும் ஆட்களையும் உடல்களையும் சுமந்து ஏறி இறங்கியவை ஜீப்புகள். விளையாட்டில் பழகிய கையும் காலும் வேறொன்றுக்காகப் படைக்கப்பட்டவை என்று அன்று தெரிந்தது.

அந்த நால்வரின் கதைக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு கூரை உடைந்தது. அது வேறொருவருடைய கூரை. ஒரு மனித உயிருக்காக உடைத்தார்கள்; இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை. மாலையில் அந்த நால்வரும் மண் குழைத்துக்கொண்டு வந்து கூரையைச் சரிசெய்து கொடுத்திருப்பார்கள் என்றே என் உள்ளம் சொல்கிறது. இந்த அளவு அன்புள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நாம் பாதையை விட்டு இறங்கும்போது யாருடைய கூரையை உடைக்கிறோம்? விதைத்த காட்டில் தடம் பதித்தால் அது ஒரு விவசாயியின் கூரை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் அது யானையின் கூரை. நொய்யல் ஆற்றுப் படுகையை உழுது போட்டால் அது நம் பேரப்பிள்ளைகளின் கூரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' மடல் இந்த உலகை நம் பொது இல்லம் என்கிறது. உயிரைக் காக்க ஒரு கூரையைப் பிரிக்கலாம். பொழுது போக்குவதற்காகப் பிரிக்க நமக்கு உரிமையில்லை.

முடிவாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். திருப்பண்ட அறை வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஃபோர் வீல் வண்டி உள்ளவர்கள் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். மலையடிவாரத்திலும் மலை மேலும் தார்ச்சாலை முடிகிற இடத்தோடு 108 வண்டி நின்றுவிட வேண்டியிருக்கிறது. அதற்கு அப்பால் இருந்து நள்ளிரவில் ஓர் அழைப்பு வந்தால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று பங்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுகிறவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து எழுதுங்கள். எந்த மதம், எந்தச் சாதி என்று அந்த நோட்டில் ஒரு பத்தி இருக்காது. வண்டி இல்லாதவர்களும் எழுதலாம். தூக்குவதற்குத் தோள் வேண்டும். இயேசு அன்று பார்த்தது படுத்திருந்தவரின் நம்பிக்கையை மட்டுமல்ல, தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை. நம் நம்பிக்கையைப் பார்த்து இன்னொருவர் எழுந்து நடக்கட்டும்.

இப்போது திருப்பலியைத் தொடர்வோம். முடிந்ததும் வேப்பமரத்தடிக்கு வருகிறேன். வழக்கமாகச் சக்கரத்திலும் பானெட்டிலும் தீர்த்தம் தெளிப்போம். இன்று பின்னிருக்கையிலும் தெளிக்கப் போகிறேன். அங்கே எப்போதாவது ஒருவர் படுக்க வேண்டியிருக்கும். அவர் யார் என்று நமக்கு இன்னும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். கதவுகளைத் திறந்து வையுங்கள்.

ஆமென்.